கூகுளா, ஏஐயா, துறைத் தளமா? கடலூர், புதுச்சேரித் தகவலை எங்கே தேடுவது

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு இணையத்தில் தேடுகிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாக இல்லாத ஒரு தொல்லை உண்டு. இங்கே இரண்டு அரசுகளின் எல்லை ஊருக்கு ஊர் பின்னிக் கிடக்கிறது. பாகூர் புதுச்சேரி ஆட்சி. அதை ஒட்டிய ஊர்கள் பல கடலூர் மாவட்டம். நிலப் பதிவு, வரி, சான்றிதழ், பள்ளி விடுமுறை எல்லாமே இரண்டு பக்கமும் வேறு வேறு. தேடும் கருவிக்கோ இது பெரும்பாலும் ஒரே வட்டாரம். நன்றாக வேலை செய்கிற கருவிகூட இந்தப் பக்கத்துக் கேள்விக்கு அந்தப் பக்கத்து விதியைச் சொல்லிவிடும்.

அதனால் "எது சிறந்த தேடுபொறி" என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. தேடும் தகவல் யார் கையில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் இருப்பவை நான்கு: கூகுள், பிங் போன்ற பொதுத் தேடுபொறி, சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி போன்ற ஏஐ, அரசுத் துறைகளின் சொந்தத் தளத்தில் உள்ள தேடல், மின்நூலகங்கள்.

நிலம், வில்லங்கம், வழக்கு

இதில் யோசிக்கவே வேண்டாம், துறைத் தளம்தான். தேடுபொறிகள் தாங்கள் ஏற்கெனவே வலம் வந்து சேர்த்துவைத்த பக்கங்களில்தான் தேடுகின்றன. பட்டாவோ வில்லங்கச் சான்றோ அப்படி ஒரு பக்கமாக எங்கும் கிடப்பதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் எல்லாம் கொடுத்த பிறகு அந்த நொடியில் தயாராகிறது. ஆகவே கூகுளுக்கு அது தெரியாது, ஏஐக்கும் தெரியாது. ஏஐ இதற்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தால் அதை எந்த முடிவுக்கும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

கடலூர் மாவட்ட நிலமானால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவை தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்திலும், வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்திலும் கிடைக்கும். புதுச்சேரி நிலத்துக்கு அந்த அரசின் 'நிலமகள்' தளம். நிலம் எந்தப் பக்கம் என்று சந்தேகம் இருந்தால் பத்திரத்தைப் பாருங்கள். புதுச்சேரிப் பத்திரத்தில் ஆர்.எஸ். எண்ணோடு (மறு அளவை எண்) பிரெஞ்சு ஆட்சிக் கால நிலப் பதிவேட்டின் 'கதாஸ்தர்' எண்ணும் எழுதியிருப்பது வழக்கம். தமிழ்நாட்டுப் பத்திரத்தில் கதாஸ்தர் இருக்காது.

வில்லங்கம் பார்க்கையில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தொடக்க தேதி, முடிவு தேதி, கிராமம், புல எண், உட்பிரிவு எண் எல்லாம் கொடுத்த பிறகு "பதிவு எதுவும் இல்லை" என்று வருகிறது. உடனே சொத்தில் வில்லங்கமே இல்லை என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அப்படி வருவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். முன்பு 45/2 ஆக இருந்தது உட்பிரிவு ஆகி 45/2அ என்று மாறியிருக்கலாம். பழைய அடமானம் பழைய எண்ணின் கீழேதான் கிடக்கும். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். தேடிய காலம் கணினியில் ஏற்றப்படாததாகவும் இருக்கலாம். எனவே தாய்ப் பத்திரத்தில் உள்ள எண்ணைக் கொண்டு ஒரு முறையும் இப்போதைய எண்ணைக் கொண்டு ஒரு முறையும் தேடுங்கள். கணினிக்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவகத்தில் கையால் தேடித் தரும்படி மனுக் கொடுக்க வேண்டும். இணையத்தில் அதற்குக் குறுக்குவழி கிடையாது.

தேடுபொறியின் வேலை இங்கே துறைத் தளத்தின் வாசலைக் காட்டுவது மட்டும். அதிலும் மேலே வரும் முதல் இரண்டு மூன்று இணைப்புகள் விளம்பரமாக இருக்கலாம். அரசுத் தளம் போலவே முகப்பு வைத்துக்கொண்டு கட்டணம் கேட்கும் தனியார் தளங்களும் உண்டு. முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். நீதிமன்ற வழக்குகளுக்கும் இதே முறைதான். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், 16 எழுத்து, எண் கொண்ட சிஎன்ஆர் எண் கையில் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் நேராக வழக்கின் நிலையைப் பார்க்கலாம். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றம்தான் என்பதால் அங்கே எல்லைக் குழப்பம் குறைவு.

ஏஐ உதவும் இடமும் ஏமாற்றும் இடமும்

ஒரு நடைமுறையைப் புரிந்துகொள்ள, ஆங்கில அரசாணையை எளிய தமிழில் சொல்லவைக்க, எந்தச் சொல்லைக் கொண்டு தேடலாம் என்று யோசனை கேட்க, ஏஐ நல்ல துணை. இந்த மூன்றிலும் தேடுபொறியை விட வேகமாக வழிகாட்டும். வட்டார அளவுகளிலும் வட்டார விதிகளிலும்தான் அது சறுக்குகிறது.

குழிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். "ஒரு குழி எத்தனை சதுரடி" என்று மட்டும் கேட்டால் 144 என்ற விடை வர வாய்ப்பு அதிகம். காவிரிப் படுகையில் புழங்கும் 12 அடிக்கு 12 அடிக் குழி அது. 100 குழி ஒரு மா. இணையத்தில் அதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் புதுச்சேரிப் பத்திரங்களில் வரும் குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுரடி. நான்கு மடங்கு வித்தியாசம். அங்கே 100 குழி ஒரு காணி, 57,600 சதுரடி.

இதைச் சரிபார்க்க வேறு எங்கும் போக வேண்டாம். புதுச்சேரிப் பத்திரங்களில் குழியோடு ஹெக்டேர்-ஆர்-சென்டியார் கணக்கும் வரும். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் 1 சதுர மீட்டர். 10 குழி என்று எழுதி, பக்கத்தில் 0-05-35 என்று இருந்தால் அது 535 சதுர மீட்டர். 10.764 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,759 சதுரடி. 10 ஆல் வகுத்தால் குழிக்கு 576. ஏஐ சொன்ன 144 சரியென்றால் அங்கே 535-க்குப் பதில் 134 சதுர மீட்டர்தான் இருந்திருக்க வேண்டும். விலை பேசுமுன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவது மிக அவசியம்.

ஏஐயிடம் கேட்கும்போது ஆட்சிப் பகுதியைக் கேள்விக்குள்ளேயே வையுங்கள்: "புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், பாகூர், தமிழ்நாட்டு விதி வேண்டாம்" என்று. காரைக்கால், மாஹே, ஏனாம் வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம். பதிலில் மூல இணைப்பு இருந்தால் அதைத் திறந்து, பக்கத்துக்குள் தேடும் வசதியால் அந்த எண்ணையோ தேதியையோ தேடுங்கள். கணினியில் கன்ட்ரோல்-எஃப், கைப்பேசியில் குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் இருக்கும். இணைப்பு உண்மையாக இருந்தும் அந்தப் பக்கத்தில் அந்தத் தகவலே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. கூகுள் பதிலுக்கு மேலேயே காட்டும் ஏஐ சுருக்கத்தையும் இப்படியே சோதிக்க வேண்டும். அது தேவையே இல்லை என்றால் முடிவுகளுக்கு மேலே உள்ள 'வெப்' என்ற தாவலைத் தொடுங்கள்; 2024 முதல் இருக்கிறது, வெறும் இணைப்புகளை மட்டும் தரும்.

தமிழில் தேடுவதா, ஆங்கிலத்திலா

செய்தி, சமையல், கோயில், வேளாண்மை, யூடியூப் ஆகியவற்றுக்குத் தமிழ். அரசாணை, டெண்டர், தீர்ப்பு, ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றுக்கு ஆங்கிலம். பொதுவாக இப்படிப் பிரித்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

தமிழில் தேடும்போது மேற்கோள் குறி கவனம். ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் தொடரை அடைத்தால் தேடல் கூர்மையாகும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் "கடலூர் துறைமுகம்" என்று அடைத்துத் தேடினால் "கடலூர் துறைமுகத்தில்", "கடலூர்த் துறைமுகம்" என்று எழுதிய பக்கங்கள் நழுவிப்போகும். குறி இல்லாமல் முதலில் தேடுங்கள். போதாவிட்டால் துறைமுகம், துறைமுகத்தில், துறைமுகத்தின் என்று தனித்தனியே அடைத்துப் பாருங்கள். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். கூடலூர் என்று அடித்தால் நீலகிரியும் தேனியும் வரும். நீலகிரியைத் தவிர்க்க, கூடலூர் என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஒட்டி 'நீலகிரி' என்று எழுதினால் போதும்.

ரயிலுக்கு எந்த மொழியிலும் ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம், நிலையக் குறியீட்டை அடியுங்கள். கடலூர் நகருக்குள் இரண்டு நிலையங்கள்: திருப்பாதிரிப்புலியூர் டிடிபிஆர், கடலூர் துறைமுகம் சந்திப்பு சியுபிஜே. முன்னதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டலால் ஒரு ரயிலே இல்லை என்று தோன்றிவிடும்.

ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டால் கட்டளை வேலை செய்யாது, சாதாரணச் சொல்லாகிவிடும். புதுச்சேரி அரசு அறிவிக்கைகளுக்கு 'பிஒய்.ஜிஓவி.இன்', தமிழ்நாட்டுக்கு 'டிஎன்.ஜிஓவி.இன்'. இதனோடு 'ஃபைல்டைப்' முக்காற்புள்ளி பிடிஎஃப் சேர்த்தால் ஆவணங்கள் மட்டும் வரும்.

அப்படியும் வராத தமிழ் ஆவணங்கள் நிறைய இருக்கின்றன, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2010-இல்தான் தமிழ்நாடு அரசு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடை அரசுப் பயன்பாட்டுக்கு நெறியாக அறிவித்தது. அதற்கு முன்னும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்னும், வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தக் கோப்பு உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்தாக வந்தால் இந்த வகை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் யுனிகோடாகும். இதைத் திருப்பியும் செய்யலாம்: தேடும் தமிழ்ச் சொல்லை அந்த எழுத்துருவின் குறியீட்டுக்கு மாற்றி, வரும் ஆங்கிலக் குவியலை அப்படியே தேடுபொறியில் ஒட்டினால், வேறெந்த வழியிலும் சிக்காத அரசாணைகள் சில சிக்கும். ஒட்டும்போது எதுவுமே வராவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது; சாய்வாக ஸ்கேன் செய்த தாளில் பிழை மலியும், எண்களை மட்டுமாவது படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

புயல், மழை, வெள்ளம்

எச்சரிக்கைக்குத் தேடுபொறியும் வேண்டாம், ஏஐயும் வேண்டாம். சென்னை மண்டல வானிலை மையத்தின் தளத்தை முன்பே குறித்துவைத்துக்கொண்டு நேராகப் போங்கள். அதில் 'நவ்காஸ்ட்' என்ற பகுதி அடுத்த 3 மணி நேரத்துக்கானது. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் நிலை முன்னறிவிப்பு. கைப்பேசியின் வானிலைப் பெட்டி கணினி மாதிரியிலிருந்து வரும் எண். எந்த எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கடலூருக்கு இன்னொன்றும் உண்டு. இங்கே வெள்ளம் பல நேரங்களில் மழை நின்ற பிறகு வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணை வழியாக வந்து கரையோர ஊர்களை மூழ்கடித்தது. அப்போது "கடலூர் மழை" என்று மட்டும் தேடியவருக்கு இந்த வெள்ளம் தெரியாமல் போயிருக்கலாம். தேடவேண்டிய சொல் "சாத்தனூர் அணை நீர் வெளியேற்றம்". பார்க்கவேண்டிய இடம் மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளம்.

பழைய புயலைப் பற்றித் தேடுவதானால் பொதுத் தேடுபொறி நன்றாக உதவும், தேதி வரம்பு வைத்தால். கூகுளில் 'ஆஃப்டர்', 'பிஃபோர்' என்ற ஆங்கிலச் சொற்களுக்குப் பின் முக்காற்புள்ளியும் 2024-11-29 என்ற முறையில் ஆண்டு-மாதம்-நாளும். இல்லாவிட்டால் 2011 டிசம்பர் 30-இல் இதே கரையைக் கடந்த தானே புயலின் படங்கள் எல்லாம் கலந்து வரும். ஒரே மழைக்கு நாலு செய்தியில் நாலு அளவு இருந்தால் குழம்ப வேண்டாம்: வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு நாளாகக் கணக்கிடும். நவம்பர் 30 இரவு கொட்டிய மழை அதன் பட்டியலில் டிசம்பர் 1 பெயரில் நிற்கும். செய்தியாளர்கள் இடையில் எடுத்த அளவு வேறாக இருப்பது இயல்பு.

சுருக்கமாகச் சில

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளிலோ மேப்பிலோ தேடி அழைக்கவே கூடாது. மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை வங்கி, கூரியர், எரிவாயு நிறுவனங்களின் பெயரில் ஏற்றிவைக்கிறார்கள். வங்கி அட்டையின் பின்புறம், பில், நிறுவனத்தின் சொந்தச் செயலி: இந்த மூன்றில் உள்ள எண் மட்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. தாமதமாகாமல் அழைத்தால்தான் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு.

டக்டக்கோ என்ற தேடுபொறி பயனரைப் பின்தொடராது என்பது அதன் பலம். முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருவதால் அதில் கிடைக்காததை பிங்கில் தேடிப் பெரிய பயன் இல்லை. கூகுளுக்கு மாற்றாக ஒன்று முயல்வதானால் பிங்கை முயலுங்கள், தமிழ்ச் சிறு தளங்கள் கூகுளில்தான் அதிகம் என்பதை மனத்தில் வைத்து.

பழைய ஆவணங்கள்

இங்கேதான் இந்த வட்டாரம் கொடுத்துவைத்தது. தேடத் தெரிந்தால் கிடைப்பது ஏராளம். பொதுத் தேடுபொறியும் ஏஐயும் அதன் விளிம்பைக்கூடத் தொடுவதில்லை.

முதலில் பெயர். கடலூர் மாவட்டம் பிறந்தது 1993-இல். அதற்கு முந்தைய எதையும் 'தென் ஆற்காடு' என்றே தேட வேண்டும்; 1878-இல் கார்ஸ்டின் தொகுத்த மாவட்டக் கையேடும் 1906-இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் அந்தப் பெயரில்தான் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற மின்நூலகத்தில் கிடக்கின்றன. பரங்கிப்பேட்டைக்கு 'போர்ட்டோ நோவோ', தேவனாம்பட்டினக் கோட்டைக்கு 'ஃபோர்ட் செயின்ட் டேவிட்'. பிரெஞ்சு ஆவணங்களில் கடலூர் 'கோந்தலூர்', வில்லியனூர் 'வில்லெனூர்', உழவர்கரை 'உல்காரே'. 2006-க்கு முந்தைய அரசு ஆவணங்களுக்கு 'பாண்டிச்சேரி' என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலே வேலை செய்யும்.

அடுத்து, ஆர்கைவின் தேடல் பெட்டி. அது இயல்பாகத் தலைப்பு, ஆசிரியர் போன்ற குறிப்புகளில் மட்டுமே தேடும். அதன் கீழே நூலின் உள்ளே உள்ள எழுத்தில் தேடும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதை மாற்றிவிட்டு உங்கள் ஊர்ப் பெயரை அடித்தால் முடிவுகள் வேறு உலகமாகும். ஆங்கில நூல்களுக்கு இது நன்றாக ஓடும். தமிழ் நூல்களுக்கு உள்ளெழுத்துத் தேடல் இன்னும் பலவீனம். அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தலைப்பைக் கொண்டு தேடுவது மேல். இலக்கிய வரி தேடுவதானால் மதுரைத் திட்டம், விக்கிமூலம் இரண்டிலும் யுனிகோடு எழுத்தாகவே இருப்பதால் கூகுளே கண்டுபிடிக்கும்.

புதுச்சேரிக் குடும்பங்கள் மூதாதையர் பிறப்பு, திருமணப் பதிவு தேடுவதுண்டு. அதற்கு பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஆவணக் காப்பகம் பழைய பதிவேடுகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அரசிதழ், நூல், வரைபடங்களுக்கு பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'காலிக்கா' மின்நூலகம். காப்பகத்தில் பெயரைக் கொண்டு நேராகத் தேடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்; ஆட்சிப்பகுதியையும் ஊரையும் ஆண்டையும் தெரிந்துகொண்டு, ஆண்டிறுதியில் உள்ள பெயர்ப் பட்டியலைப் புரட்டி, பிறகு பதிவுக்குப் போவதுதான் வழி. பெயரைப் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள்: 'உ' ஒலிக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்து, 'ச்' ஒலிக்கு டி, சி, எச். முத்து என்ற பெயரை எம்-இல் தொடங்கி ஓ, யு சேர்த்துப் பார்க்க வேண்டும்; சின்ன என்று தொடங்கும் பெயர் எஸ் வரிசையில் இல்லாவிட்டால் டி வரிசையில் இருக்கும். அத்தனை கையெழுத்தையும் ஏஐயைக் கொண்டு படிக்கவைக்கலாம் என்று தோன்றும். பிரெஞ்சு வாசகங்களை அது ஓரளவு படிக்கும், தமிழ்ப் பெயர்களில் தாராளமாகத் தவறும். பெயரை நீங்களே படியுங்கள்.

கண்டெடுத்ததை அன்றே சேமித்துவிடுங்கள். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகின்றன. கூகுள் முன்பு காட்டிவந்த சேமிப்புப் பிரதியையும் 2024-இல் நிறுத்திவிட்டது. ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்க முகவரியை ஒட்டிச் சேமித்தால் தேதியோடு ஒரு நிலையான முகவரி கிடைக்கும். படிவம் நிரப்பி வரும் பட்டா, வில்லங்கம் போன்றவற்றை அது சேமிக்காது. அவற்றை பிடிஎஃப் ஆக இறக்கி, கோப்பின் பெயரில் கிராமம், புல எண், எடுத்த தேதி மூன்றையும் எழுதி வையுங்கள்.